யாரு அடிச்சா?

போன புதன்கிழமை காலை 11 மணி வாக்கில், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசி அறையிலிருந்து ஒரு பெரியவர் வெளியேற்றப்பட்டார். வயது 63. ஒரு கையில் கிலுகிலுப்பை, தோளில் குழந்தையின் துணிப்பை. இந்தக் கட்டுரையை எழுதுகிறவர் அவரேதான். நடந்ததை 'நான்' போட்டு எழுத வெட்கமாக இருப்பதால், இங்கே அவர் 'தாத்தா' என்று மட்டும் வருவார்.

ஊசி போடும்போது பச்சைக் குழந்தையின் வலியைக் குறைக்க என்ன செய்யலாம் என்று சிஸ்டர் அன்றைக்கு மூன்று விஷயம் சொன்னார். மூன்றையும் வரிசையாக எழுதிவிட்டால் நாலு பேருக்குப் பயன்படும் என்று உட்கார்ந்ததுதான் இது.

பேத்திக்கு 14 வாரம். 14 வாரம் என்றால் சும்மா இல்லை. வாயில் போலியோ சொட்டு இரண்டு, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா மருந்து, இடது தொடையில் பென்டா, வலது தொடையில் நிமோனியாவுக்கான பிசிவி, வலது மேற்கையில் தோலுக்குள் 0.1 மில்லி போலியோ ஊசி. ஆக மூன்று குத்து. தாத்தாவின் மகள் குழந்தையாக இருந்தபோது முத்தடுப்பு ஊசிதான். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னியோடு ஹெபடைட்டிஸ் பி, ஹிப் இரண்டையும் சேர்த்து ஐந்தாக்கிய பென்டாவை 2011 டிசம்பரில் முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும். மகளுக்கு ஊசி போட்ட காலத்தில் தாத்தா ஆபீசில் இருந்தார். அந்த அனுபவக் குறைவுதான் இப்போது வினையாகிவிட்டது.

வாய் மருந்துகளை முதலில் கொடுத்தார்கள். ரோட்டா இனிப்பு, ஊசிக்கு முன்னால் இனிப்பு நாக்கில் பட்டால் வலி கொஞ்சம் மட்டுப்படும். பேத்தி சப்புக்கொட்டினாள். அடுத்து இடது தொடையில் பென்டா. குத்தியதும் உடனே அழவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முகம் தக்காளியாகி, கீழுதடு பிதுங்கி, மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அந்த இரண்டு விநாடியில்தான் தாத்தா பாய்ந்தார்.

"யாரு அடிச்சா? என் தங்கத்த யாரு அடிச்சா? இந்த அத்தையா? அத்தைய அடிச்சிடலாமா?" என்று சிஸ்டரை நோக்கிக் கையை ஓங்கினார். அத்தையின் கையில் அடுத்த ஊசி இருந்தது.

"ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

இதில் தாத்தாவின் தப்பு என்ன? விழுந்த குழந்தைக்காக வாசற்படியை அடிக்காத வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். கட்டில் கால் அடி வாங்கியிருக்கிறது, சுவர் வாங்கியிருக்கிறது, ஆட்டுக்கல் வாங்கியிருக்கிறது. அம்மிக்கல்லை அடித்த பாட்டியின் கை வீங்கி, அதற்கு யாரை அடிப்பது என்று தெரியாமல் வீடே திகைத்திருக்கிறது. இத்தனை தலைமுறையாக அடி வாங்கியும் எந்த வாசற்படியாவது திருந்தியதா? நம் தாலாட்டுகளிலேயே குழந்தை அழுதால் முதல் வேலை விசாரணைதான். மாமனா, அத்தையா, பாட்டியா என்று சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் தாய் தொட்டிலை ஆட்டுவாள். பால் கேட்டு அழுகிறதா, தொட்டில் ஈரமா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். நாட்டில் விசாரணைக் கமிஷன் போட்டால் அறிக்கை வர வருஷக்கணக்காகிறது; குழந்தை வழக்கில் மட்டும் புகார், சாட்சி, தீர்ப்பு, தண்டனை நான்கும் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். குற்றவாளி கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது காக்கா. காக்கா அந்த நேரத்தில் ஊரிலேயே இருந்திருக்காது. அன்றைக்கு வரிசையில் நின்ற ஒரு அம்மாள்கூட, "வாட்ச்மேன் மாமாதான்டா அடிச்சாரு" என்று தன் பேரனிடம் சத்தியம் செய்தார். வாட்ச்மேன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு ஷார்ஜாவிலிருந்து மருமகன் வீடியோவில் வந்து, "யாரு செல்லத்த அடிச்சது? அப்பா வந்து பாத்துக்கறேன்" என்றார். 14 வாரக் குழந்தைக்கு இதில் ஒரு எழுத்துகூடப் புரியாது. சுற்றி நிற்பவர்கள் பதறுகிறார்கள் என்பது மட்டும் புரியும்.

வெளியேற்றப்பட்டவர் வேப்பமரத்தடி ஜன்னலுக்கு வந்தார். உள்ளே சிஸ்டர் மகளை நாற்காலியில் உட்கார வைத்து, பால் கொடுக்கச் சொன்னார். குழந்தை குடிக்கும்போதே கையில் தோலுக்குள் போலியோ, கடைசியில் வலது தொடையில் பிசிவி. கால் ஒருதரம் உதறியது. 'ங்ஙே' என்று ஒரு குரல். மறுபடி சப்பத் தொடங்கிவிட்டாள். தாத்தாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சிஸ்டர் மகளிடம் ஒரு விரலைத் தூக்கினார். மேசையில் படுக்க வைத்து அமுக்காமல் மடியில் அணைத்துப் பிடி, ஊசிக்குச் சற்று முன்னோ போடும்போதோ பால் கொடு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னதும் இதையேதான். "வலிக்காது, வலிக்காது" என்று பொய் சொல்லவும் கூடாதாம்.

இரண்டாவது விரல். போட்ட இடத்தைத் தேய்க்காதே, வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதே, காய்ச்சல் வருமோ என்று முன்கூட்டியே பாராசிட்டமால் ஊற்றாதே. காய்ச்சல் வந்தால் எடைக்கு ஏற்ற அளவில் கொடு. செக் குடியரசுக் குழந்தைகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முன்னதாகவே மருந்து கொடுத்ததில் காய்ச்சல் குறைந்தது. கூடவே தடுப்பூசியால் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியும் குறைந்தது. துணிப்பையில் மூடி திறந்த பாராசிட்டமால் சொட்டு மருந்தோடு நின்ற தாத்தா, பையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இங்க எதுக்குங்க, பிரைவேட்ல வலியில்லா ஊசி இருக்கே" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் ஆரம்பித்தார். வலியில்லா ஊசியாம்! அதில் கக்குவான் கிருமியை முழுசாகச் சேர்க்காமல் சில புரதங்களை மட்டும் எடுத்துச் சேர்க்கிறார்கள். காய்ச்சலும் வீக்கமும் குறையும், வாஸ்தவம். குத்து அதே குத்து. பாதுகாப்பும் கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்துவிடும். இந்தப் பெயரை வைத்தவர் தன் தொடையில் ஒன்று போட்டுக்கொண்டு பேசட்டும் என்று தாத்தா சத்தமாகவே சொன்னார். ஜன்னலுக்குள்ளிருந்து சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது விரல் நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் மாமாவின் எதிரிக்கு ஊசி விழுந்தது. அவன் போட்ட சத்தத்தில் சிஸ்டரின் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மகள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீடு வந்தார்கள். "மூணாவதா என்னம்மா சொன்னாங்க?" என்று தாத்தா ஆட்டோவிலேயே கேட்டார். "அது உங்களப் பத்திதான்பா" என்று மகள் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராத்திரி குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது, விடியும்போது சரியாகிவிட்டது.

தடுப்பூசி அட்டை இப்போது பிரிட்ஜ் கதவில் தொங்குகிறது. அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம், தட்டம்மை-ருபெல்லா. தேதிக்குப் பக்கத்தில் மகளின் பென்சில் எழுத்து: 'அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்.'