தலைவர் சாப்பிட்டாரா?

தலைவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார் என்றால் ரத்த அழுத்தம், சிறுநீரகம், நுரையீரல் என்று டாக்டர்கள் அறிக்கை விடுவார்கள். அதெல்லாம் படித்தவர்களுக்கு. தமிழ்நாட்டு வாக்காளருக்கு வேண்டிய தகவல் ஒன்றே ஒன்று: சாப்பிட்டாரா? இந்தக் கேள்விக்கு விடை தேடி இந்த மாநிலம் பட்ட பாட்டை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை எனக்கு டவுசர் வயது, இரண்டாம் முறை மூக்குக்கண்ணாடி வயது.

1984 அக்டோபர் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது டி.வி. கிடையாது. காலை 7.15க்கு டெல்லி ஆகாசவாணி, அதற்குப் பிறகு முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் தினத்தந்தி. இரண்டும் போய்ச் சேரும் இடம் டீக்கடை. ஒரே பேப்பர் தாள் தாளாகப் பிரிந்து ஐந்தாறு பேர் கைக்குப் போகும். கன்னித்தீவு கிடைத்தவர்தான் அரசியலை அதிகம் பேசுவார் என்பது என் அனுபவம். சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சொல்லும் மருத்துவமனைத் தகவலை ஒருவர் சத்தமாகப் படிக்க, ஊரே தலையாட்டும். எல்லாம் படித்து முடிந்ததும் யாராவது கேட்பார்: “அது சரிப்பா, சாப்பிட்டாரா, இல்லையா? அதப் போட்டிருக்கானா?”

போட்டிருக்கமாட்டான். அங்கேதான் வதந்தி பிறக்கும். மதுரைக்குப் போய் வந்த லாரி டிரைவர் ஒன்று கொண்டுவருவார், சந்தைக்கு வந்த வெற்றிலை வியாபாரி அதற்கு நேர்மாறாக ஒன்று. ஆனால் வதந்திக்கு அன்று ஒரு முகம் இருந்தது. மறுநாள் பொய்யென்று தெரிந்தால் அந்த டிரைவருக்கு டீக்கடையில் ஒரு வாரம் மரியாதை கிடையாது. வானொலிக்கு அந்தத் தண்டனையும் இல்லை. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்துவிட்டதை பி.பி.சி. முன்பே சொல்லிவிட்டது. நம் ஆகாசவாணி சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை. ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது சொல்லாததே சேதியாகப் போனது.

இதற்கிடையில் கொட்டகைகளில் ‘ஒளிவிளக்கு’ படத்தின் பிரார்த்தனைப் பாட்டைப் போட ஆரம்பித்தார்கள். சினிமாவில் எம்.ஜி.ஆர். பிழைக்க சௌகார் ஜானகி பாடியது. இப்போது ஊரே அந்தப் பாட்டைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டது. கதையில் அவர் பிழைத்துக்கொண்டார் என்பதை நிஜத்துக்கும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள எங்கள் ஊரில் யாரும் தயங்கவில்லை.

நவம்பரில் அவரை அமெரிக்கா கொண்டுபோனார்கள். டிசம்பரில் தேர்தல். வேட்பாளர் நியூயார்க் புரூக்ளினில் ஆஸ்பத்திரிக் கட்டிலில். தொகுதியோ எங்களுக்கு அடுத்தாற்போல் ஆண்டிபட்டி. எதிர்க்கட்சி மேடைகளில் ஜாடைமாடையாக என்னென்னவோ பேசினார்கள். அப்போதுதான் அந்தப் படம் வந்தது. ஆஸ்பத்திரியில் எம்.ஜி.ஆரைப் படமெடுத்து ஊர் ஊராகத் திரையிட்டார்கள். எங்கள் டூரிங் கொட்டகையில் அன்று டிக்கெட் இல்லை. தரையில் மணலைக் குவித்து உயரமாக்கி, அதன்மேல் அப்பத்தாவை உட்காரவைத்தேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை.

“என்னடா செய்றாக?”

“உக்காந்திருக்காரு அப்பத்தா.”

“சாப்பிடுறாகளா?”

“சாப்பிடுறாரு.”

“எம்புட்டு?”

எனக்குத் தெரிந்த அளவைச் சொன்னேன். அப்பத்தா அழுதார். கொட்டகையே அழுதது. அந்தத் தேர்தலில் அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை ஓட்டுக் கேட்கவில்லை; ஆண்டிபட்டியிலும் ஜெயித்தார், மாநிலத்திலும் ஜெயித்தார். 1967இல் கழுத்தில் கட்டோடு இருந்த ஒரு புகைப்படம் போஸ்டராகி ஓட்டு வாங்கியது. 1984இல் படம் அசைந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

அந்தக் கூட்டத்தில் அழாமல் வந்த ஒரே ஆள் எங்கள் பெரியப்பா. உதயசூரியன் கட்சி. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்: “எப்ப எடுத்தாய்ங்க, எவன் எடுத்தான், எத வெட்டுனான், எத ஒட்டுனான்? ஒருத்தனாச்சும் கேட்டீங்களாடா?” நல்ல கேள்விகள். இன்றைக்கு இதழியல் வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அன்று அவருக்குக் கடைக்காரர் டீ தரத் தாமதித்தார்.

2016 செப்டம்பர் 22. அதே அப்பல்லோ. இந்த முறை ஜெயலலிதா. காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றது அறிக்கை. இப்போது ஊரில் வீட்டுக்கு வீடு டி.வி., ஆளுக்கு ஆள் போன், எங்கள் சொந்தபந்தம் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில். சேதிக்குப் பஞ்சமே இல்லாத காலத்தில் எழுபத்தைந்து நாள் ஒரு புகைப்படம்கூட வெளியே வரவில்லை. பார்க்கப் போன பெரிய மனிதர்கள் டாக்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சேனல்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலை இரவு பகலாக நேரலையில் காட்டினார்கள். வாசல் நலமாக இருந்தது.

எங்கள் குழுவுக்கோ உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் நர்ஸுக்கு வேண்டியவரின் குரல் பதிவு என்று ஒன்று வந்தது. காலையில் சித்தி ஒரு தகவல் போட, மாமா மதியம் அதையே வேறு எழுத்தில் போட்டு ‘உறுதியான தகவல்’ என்பார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘வந்தது’ என்பதுதான் பதில். வதந்தி பரப்பியதாகப் போலீஸ் சிலரைக் கைது செய்த சேதி வந்த அன்று குழு அரை நாள் அமைதியாக இருந்தது. பிறகு அந்தக் கைதே வதந்தி என்று ஒரு தகவல் வந்தது.

நடுநடுவே நல்ல சேதியும் வரும். அம்மா இட்லி சாப்பிட்டார். ஆஹா, அந்த ஒரு சேதி போதாதா? ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சந்தேகித்தவர்கள்கூட இட்லியைச் சந்தேகிக்கவில்லை. டிசம்பர் 5 சாயங்காலம் சில சேனல்கள் அவசரப்பட்டு மரணச் செய்தியைப் போட்டன; கட்சி அலுவலகத்தில் கொடி இறங்கியது; மருத்துவமனை மறுத்தது; கொடி மறுபடி ஏறியது. இரவு 11.30க்கு அவர் இறந்ததாக அறிவிப்பு வந்தபோது, அதை முதலில் நம்பாதவர்கள் எங்கள் குழுவில் பாதிப் பேர்.

அடுத்த செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மதுரையில் மேடையேறி, இட்லி சாப்பிட்டார் என்று சொன்னதெல்லாம் பொய், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். சட்டியிலிருந்த இட்லியைக்கூட விட்டுவைக்காமல் மாநிலமே மீம் போட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: இந்த நாட்டில் ஓர் அமைச்சர் பொய் சொன்னதாக மைக்கில் ஒப்புக்கொண்டது சாதாரண விஷயமா?

அதே ஆண்டு டிசம்பர் 20. மறுநாள் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். டி.டி.வி. தினகரன் அணியின் வெற்றிவேல் ஒரு வீடியோவை வெளியிட்டார். கட்டிலில் ஜெயலலிதா, டி.வி. பார்த்தபடி எதையோ குடிக்கிறார். ஒளிபரப்பாதீர்கள் என்று தேர்தல் ஆணையம் சேனல்களுக்குச் சொல்வதற்குள் அது எல்லோருடைய போனிலும் ஏறிவிட்டது. 1984இன் கொட்டகைக் கூட்டம் இப்போது ஆளுக்கொரு திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரும் அழவில்லை. நிறுத்தி, பெரிதாக்கி, ஜன்னலுக்கு வெளியே மரம் எப்படித் தெரிகிறது, டம்ளரில் ஜூஸ் குறைகிறதா என்று ஆராய்ந்தார்கள். அன்று ஊருக்கு ஒரு பெரியப்பா. இன்று வீட்டுக்கு நாலு பேர். இத்தனை சந்தேகக்காரர்களும் அந்த நர்ஸின் குரல் பதிவை ஒரு கேள்வி கேட்காமல் எனக்கு அனுப்பியவர்கள்தான்.

மறுநாள் வாக்குப்பதிவு, தினகரனின் குக்கர் சின்னம் 40,000க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தது. வீடியோவாலா, வேறு காரணத்தாலா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எனக்குப் பெரியப்பாவின் கருத்துதான் முக்கியமாகப் பட்டது. எழுபத்தெட்டு வயது, பேரன் வாங்கிக்கொடுத்த போன், கட்சி மட்டும் மாறவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்டேன்.

“அந்த வீடியோவப் பாத்தீங்களா பெரியப்பா? என்ன நினைக்கிறீங்க?”

“அதுல நினைக்க என்னடா இருக்கு? அந்தம்மா நல்லாத்தான இருந்திருக்கு. ஜூஸ் குடிச்சத நாந்தான் பாத்தனே.”

“எப்ப எடுத்தாங்க, எவன் எடுத்தான்னு கேக்கலையா? எம்ஜியாரு படத்துக்குக் கேட்டீங்களே!”

“அது கட்சிக்காரன் காட்டுனதுடா.”

“இதையும் கட்சிக்காரர்தான பெரியப்பா வெளியிட்டாரு?”

பெரியப்பா போனை எடுத்து, விரலால் தேய்த்துத் தேய்த்து மேலே போய், என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“கண்ணாடியப் போட்டு நல்லாப் பாரு. எனக்கு நம்ம தேனி மாப்பிள்ள அனுப்பியிருக்காரு.”