916-ம் மாமியாரும்

கேள்வி: மெட்டல் டிடெக்டர் வாங்கி எங்கள் தோட்டத்தில் ஓட்டினேன். ஒரு மோதிரம் சிக்கியது. உள்பக்கம் பொடி எழுத்தில் 916 என்று இருக்கிறது. ராஜா காலத்துப் புதையலா?
– வாசகர், சாமராஜநகர்

பதில்: கி.பி. 916-ல் தலக்காட்டுக் கங்க மன்னர் கழற்றிவைத்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட் என்று அர்த்தம். இங்கே இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். தங்கத்துக்கு ஹால்மார்க் தர ஆரம்பித்ததே 2000-ல்தான்.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். முக்கோண பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. மூன்றும் இருந்தால், 2021 ஜூலைக்குப் பிறகு முத்திரை பெற்ற நகை. அந்த ஆறு இலக்கத்தை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் ஜாதகமே வந்துவிடும். வெறும் 916 மட்டும் என்றால் உரசிப் பார்க்காமல் நம்பாதீர்கள்; பித்தளையிலும் அந்த எண்ணை அடிக்கலாம். ‘கே.டி.எம்.’ என்று எழுதியிருந்தால், அது காட்மியப் பற்றவைப்பைக் குறிக்கும். தரச் சான்று அல்ல. நாளைக்கு ஸ்பூன் கிடைத்தால், 925 என்றால் வெள்ளி, ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றால் வெறும் வெள்ளி முலாம்.

நிஜப் புதையலே என்றாலும் குஷியாகாதீர்கள். 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்கு எழுதிக் கொடு என்றது 1878-ம் வருடத்துச் சட்டம். கர்நாடகமும் 1962-ல் தனியாக ஒரு புதையல் சட்டம் போட்டது.

அதற்கு முன்னால் வீட்டில் விசாரியுங்கள். களை பிடுங்கும்போது மாமியார் தொலைத்ததாக இருந்தால், கலெக்டரைவிட அவரிடம் ஒப்படைப்பதே உடம்புக்கு நல்லது!