வெள்ளையா இருந்தா உப்பாயிடுமா கண்ணு?

வா கண்ணு, இந்த வரப்பு மேல குந்து. பாத்தியில கால வச்சிடாத, உப்பு பூத்துக்கிட்டு இருக்குது. பி.எட். படிக்கிற பேத்தி மரக்காணம் உப்பளத்துக்கே என்னைத் தேடிக்கிட்டு வந்துச்சேன்னு, கைச்செலவுக்குத்தான் இருக்கும்னு மடியைத் தடவிப் பார்த்தேன். யோசனை கேக்க வந்திருக்கியாமே! தமிழ் இலக்கியம் போட்டிருக்கிற இணையதளத்துல நாலை எடுத்து, எது ஒசத்தின்னு மார்க்கு போடணுமாம். அறிவொளியில எழுத்துக் கூட்டிப் படிச்ச கெழவன்கிட்ட வந்திருக்கன்னா, உன் கூகுளு கைய விரிச்சிட்டாப்ல இருக்குது.

நேத்து நீ போட்ட மார்க்கைப் படிச்சிக் காட்டினியே: "பார்க்க அழகாக உள்ளது, 10க்கு 9." பொண்ணு பார்க்கப் போன எடத்துல ஜரிகையத் தடவிப் பார்த்துட்டுத் தட்டை மாத்தினவங்க கதைதான் கண்ணு அது.

அந்தாண்ட பாரு. கடல் தண்ணியோட அடர்த்தி மூணு டிகிரிக்குக் கொஞ்சம் மேல இருக்கும். வெயில்ல சுண்டச் சுண்ட டிகிரி ஏறும். உப்புக்கு முந்தி அடியில வெள்ளையாப் படியறது ஜிப்சம், சோத்துக்கு ஆகாது. 25 டிகிரியத் தொட்டாத்தான் உப்பு எறங்கும். 29, 30ன்னு தாண்ட விட்டியோ, கசப்பு சேர்ந்துக்கும். மூணும் வெள்ளைதான். வியாபாரி வந்தா வெள்ளைய மட்டுமா பார்க்கறான்? எந்த அளம், யாரு வாரினதுன்னு கேக்கறான், ஒரு கல்ல எடுத்து நாக்குலயும் வச்சிக்கிறான். நீயும் அதையே கேளு.

மொதல்ல, எந்தப் பொஸ்தகத்தைப் பார்த்து, யாரு ஏத்தினது? மதுரைத் திட்டம்னு ஒண்ணு காட்டினியே, 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சது. சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம்னு ஒருத்தர் முன்ன நிக்க, பல நாட்டுத் தமிழருங்க கூலி வாங்காமத் தட்டச்சு பண்ணினாங்க. நூலுக்கு முன்னாடியே யாரு தட்டினது, யாரு பிழை திருத்தினதுன்னு பேரு போட்டிருக்காங்க. உங்க அம்மா கல்யாணப் பத்திரிகையில நாங்க சித்தப்பன் பேரையே விட்டுட்டோம். அவன் இன்னும் பேசறதில்ல. பேரு போடறது லேசான வேலை இல்ல கண்ணு. தப்பு வந்தா யாரைக் கேக்கறதுன்னு தெரியணும் பாரு.

ரெண்டாவது, உனக்குத் தெரிஞ்ச எடத்துல உரசிப் பாரு. சிறுபாணாற்றுப்படையில எயிற்பட்டினம்னு வருதே, அது இந்த மரக்காணம்தான்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடினது, மொத்தம் 269 அடி. ராத்திரி நீயும் நானும் குந்திக்கிட்டு எண்ணினோமே, ஞாபகம் இருக்கா? ஒரு தளத்துல ரெண்டு அடியக் காணோம். நடுவுல 'உடனடிக் கடன் வேணுமா'ன்னு மட்டும் எட்டிப் பார்த்துச்சு. சொந்த ஊரு பாட்டுலயே அடியத் தின்னவன், படிக்காத பாட்டுல எம்புட்டுத் தின்னிருப்பான்? அதுதான் கண்ணு உன் 9 மார்க்கு!

ஒரு தளத்துக்காரன் வள்ளுவரையும் விட்டு வைக்கல. சாயங்கால சூரியன் படத்து மேல நாலு வரி எழுதி, கீழ அவரு பேரைப் போட்டிருந்தான். குறள்னா ரெண்டே அடி, ஏழே சீரு. ஏழாங்கிளாஸ் புள்ளைக்கு எண்ணத் தெரிஞ்சா போதும், அவன் குட்டு வெளிப்பட்டுடும். ஆனா நீ எண்ணலியே! 'அருமை'ன்னு எழுதி வச்சிருக்க.

மூணாவது, பாட்டு எது, உரை எது, எழுதினவன் சொந்தச் சரக்கு எதுன்னு வரப்பு கட்டியிருக்கானா பாரு. உ.வே.சா. 1889ல பத்துப்பாட்டை அச்சுல ஏத்தினப்போ நச்சினார்க்கினியர் உரையோட போட்டாரு. ஏடு ஏடாத் தேடிக் கொண்டாந்து ஒப்பிட்டுப் பார்த்த மனுசன் அவரு. ஒரு ஏட்டுல ஒரு சொல்லு, இன்னொண்ணுல வேற சொல்லுன்னா பாடபேதம்னு குறிச்சு வைப்பாரு. தாத்தா தாத்தான்னு தமிழ்நாடே கூப்பிட்ட அவரே "இப்படியும் இருக்குது"ன்னாரு. உன் தளத்துக்காரன் மட்டும் எல்லாம் தெரிஞ்சாப்ல பேசறான். 2001ல தமிழ் இணையப் பல்கலைக்கழகம்னு தொடங்கின அரசாங்கத் தளத்துல மூலத்தோட உரையும் கெடைக்குது, ரெண்டையும் வச்சிப் பாரு. தமிழ் விக்கிப்பீடியாவுல யாரு வேணா கைய வைக்கலாம், ஆனா எவன் எப்போ எதை மாத்தினான்னு 'வரலாறு'ல நிக்கும். நம்ம ஊருப் பஞ்சாயத்துக் கணக்கு கூட அம்புட்டுத் தெறந்து கெடக்காது.

இன்னொண்ணு. நீ டீச்சராப் போறவ. அளத்துக்கு வேலைக்கு வர்றவன் புள்ள, அப்பன் போனுல, அரை ஜிபி மிச்சத்துல பாடம் தேடும். அதுல அந்தப் பக்கம் தெறக்குதா? கடினச் சொல்லுக்கு அருஞ்சொற்பொருள் இருக்குதா? காலேஜு வைஃபையில ஒக்காந்து மார்க்கு போட்டா இது தெரியாது கண்ணு.

கடைசியா ஒண்ணு. மார்க்கு போட்டதோட நிறுத்திக்காத. அந்த ரெண்டு அடி காணோம்னு தளத்துக்காரங்களுக்கு நீயே நாலு வரி எழுதிப் போடு. பொஸ்தகத்தோட பேரையும் பக்கத்தையும் மறக்காமப் போடு. கொறை சொல்றதுக்கு ஊரே இருக்குது, பிழை திருத்தத்தான் ஆளு இல்ல.