வரன் தேடும் வளாகங்கள்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் ஃபுட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரை எப்படிப் பிடிக்கின்றன?

பதில்: வரன் பார்ப்பது போலத்தான். தரகு நிறுவனம் உண்டு, கமிஷனும் உண்டு. பல்கலைக்கழக விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்று ரசிகர்கள் வேறு துப்பறிவார்கள். மாப்பிள்ளை 'எனக்கு அந்த எண்ணமே இல்லை' என்றால், முகூர்த்தம் குறித்தாயிற்று என்று பொருள். 2006 டிசம்பரில் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போகமாட்டேன் என்ற பயிற்சியாளர் நிக் சேபன், ஜனவரியில் அங்கேதான் போனார்; 6 தேசியப் பட்டங்களும் வென்றார். சரியாக விசாரிக்காவிட்டால் வம்பு: 2001-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் அமர்த்திய பயிற்சியாளர் ஜார்ஜ் ஓ'லியரி, வாங்காத முதுகலைப் பட்டத்தைச் சுயவிவரத்தில் எழுதியிருந்தது அம்பலமாகி, 5 நாளில் விலகினார். பந்தத்தை முறிப்பதோ பெருஞ்செலவு. 2023-இல் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை அனுப்பிவைக்க டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். அதுவும் வேலை பார்க்காமல் இருப்பதற்கு!