தேர் வந்து அளக்கும் தெரு
(கேள்வி – பதில்: நகரமைப்பு சிறப்பு)

கே: நகரமைப்பு என்பதை ஒரே வரியில் சொல்லுங்களேன்.

ப: பக்கத்து மனை காலியாக இருக்கும்போதே, அங்கே என்ன வரக்கூடாது என்ற சண்டையைப் போட்டு முடித்துவிடுவது. கட்டடம் எழும்பிய பிறகு போடும் சண்டைக்கு வழக்கு என்று பெயர். அதற்குத் தனி ஃபீஸ்.

கே: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) வரைபடத்தில் என் மனை மஞ்சளாக இருக்கிறது. மங்களகரமா? (பம்மல் வாசகர்)

ப: சந்தேகமே வேண்டாம். மஞ்சள் என்றால் குடியிருப்பு. நம் நாட்டு வழக்கத்தில் நீலம் வணிகம், ஊதா தொழிற்சாலை, பச்சை பூங்காவும் திறந்தவெளியும். சிவப்பு, பள்ளி, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் மாதிரி பொது நிறுவனங்களுக்கு. அமெரிக்கப் படங்களில் இதே சிவப்பு கடைவீதியைக் குறிக்கும். அங்கே படித்துவிட்டு வந்த பிள்ளை நம் படத்தைப் பார்த்து, “பள்ளிக்கூடம் இருக்கிற இடமெல்லாம் வியாபாரம்னு போட்டிருக்கே” என்றால், படத்தைத் தப்பாகப் படித்தானா, பள்ளிகளைச் சரியாகப் படித்தானா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு சின்ன சோதனை. அந்தப் படத்தைத் தெருமுனைக் கடையில் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுங்கள். மஞ்சள் வெளுத்துக் காகிதத்தோடு கலந்துவிடும். சிவப்பும் ஊதாவும் ஒரே சாம்பல். ஆஸ்பத்திரி எது, ரசாயனக் கிடங்கு எது என்று பிரம்மனாலும் சொல்ல முடியாது. அதனால்தான் விவரமறிந்த வரைபடக்காரர் நிறத்தை மட்டும் நம்புவதில்லை. தொழிற்பகுதிக்குச் சாய்கோடு, நீர்நிலைக்கு அலைக்கோடு, பொது இடத்துக்குப் புள்ளி என்று மேலே இன்னொரு அடையாளமும் போட்டு வைப்பார். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண்கள் ஊரில் நிறையவே உண்டு; அவர்களும் வீட்டு வரி கட்டுகிறார்கள்.

வர்ணத்தின் ஓரம் உங்கள் மனையை வெட்டிக்கொண்டு போகிறதென்றால் கண்மதிப்பில் நம்பாதீர்கள். சர்வே எண்ணைக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். படத்தில் ஒரு பேனாக் கோட்டின் தடிமன், தரையில் உங்கள் திண்ணையை விழுங்கிவிடும்.

கே: இப்படி மண்டலம் பிரிக்கிற யோசனை யாருக்கு முதலில் வந்தது?

ப: ஜெர்மன் நகரங்கள் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிவிட்டன. ஆனால் பெயர் வாங்கியது நியூயார்க். 1915-ல் அங்கே ஈக்விடபிள் பில்டிங் என்று ஒன்று எழும்பியது. ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான மனையில் 38 மாடி. சுமார் 12 லட்சம் சதுர அடி. நடைபாதை ஓரத்திலிருந்து உச்சிவரை எங்கேயும் உள்வாங்காமல் ஒரே செங்குத்து. அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கு வெயில் போயிற்று, வெயிலோடு வாடகைக்காரர்களும் போனார்கள்.

அடுத்த வருஷமே, 1916-ல், மண்டல விதி வந்துவிட்டது. நகரம் முழுக்க எங்கே வீடு, எங்கே வியாபாரம் என்று பிரித்தார்கள். அதைவிடச் சாமர்த்தியமானது உயர விதி. உயரமாகக் கட்டாதே என்று அது சொல்லவில்லை. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் படிப்படியாக உள்வாங்கு. மனையில் கால்பங்கு அளவுக்கு ஒடுங்கிவிட்டால் அதன் மேல் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போ என்றது. 1931-ல் வந்த எம்பயர் ஸ்டேட் படிப்படியாக ஒடுங்கி மேலே போவதைக் கலைஞனின் கற்பனை என்று ரசிக்கிறோமே, அதில் பாதி வக்கீலின் கைவண்ணம்.

வெயில் மட்டும்தான் காரணமா? ஐந்தாம் அவென்யூவின் பெரிய கடைக்காரர்களுக்கு, பக்கத்துத் தையல் ஆலைத் தொழிலாளர்கள் சாப்பாட்டு இடைவேளையில் தங்கள் வாசலில் கூடுவது பிடிக்கவில்லை. அவர்களும்தான் இந்த விதிக்காக மல்லுக்கட்டினார்கள். பாடப்புத்தகங்கள் இதைக் கொஞ்சம் தணிந்த குரலில் சொல்லும். எந்த மண்டலக் கோட்டைப் பார்த்தாலும், இது யாருக்கு வெளிச்சம் தருகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று இரண்டையும் கேட்பது என் வழக்கம்.

கே: எஃப்.எஸ்.ஐ., எஃப்.எஸ்.ஐ. என்று புரோக்கர் பத்து தடவை சொல்கிறார். எனக்குப் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டேன்.

ப: இனிமேல் உண்மையாகவே ஆட்டலாம். மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதுதான் அது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில், உயர்மாடி வகையில் சேராத சாதாரணக் கட்டடத்துக்கு 2. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை என்றால் 4,800 சதுர அடி. மனை முழுக்க அடைத்து இரண்டு தளம் போட்டாலும் அதே கணக்கு. பாதி மனையில் நாலு தளம் போட்டாலும் அதே கணக்கு. முதலாவதை, கட்டடத்தைச் சுற்றி இடம் விடச் சொல்லும் செட்பேக் விதி விடாது. எவ்வளவு உயரம் போகலாம் என்பதில் வாசலில் உள்ள ரோட்டின் அகலத்துக்கும் பங்கு உண்டு. தீயணைப்பு வண்டி உள்ளே வரவேண்டுமே!

மேலே சொன்ன ஈக்விடபிள் கட்டடத்துக்கு இந்தக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 30 வரும். நம் ஊரில் இதை உயர்த்தச் சொல்லி ஓயாமல் குரல் கேட்கிறது. உயர்த்தலாம், தப்பில்லை. எஃப்.எஸ்.ஐ. ஏறினால் நிலத்தின் விலை அன்று மாலையே ஏறிவிடும். குழாயில் தண்ணீர் ஏற வருஷக்கணக்காகும்.

கே: சுற்றிலும் செட்பேக் விடுவது சுத்த வேஸ்ட் இல்லையா?

ப: உங்கள் செட்பேக் வேஸ்ட்தான். பக்கத்து வீட்டுக்காரர் விடாத செட்பேக்தான் அராஜகம். சரிதானே?

கே: நம் முன்னோர்களுக்கு மாஸ்டர் பிளான் இருந்ததா? (மதுரை, மாசி வீதி வாசகி)

ப: நீங்கள் குடியிருப்பதே ஒரு மாஸ்டர் பிளானுக்குள்தான், அம்மா. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரத்துக்குள் சதுரம். நாம் மாஸ்டர் பிளானைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம்; அவர்கள் திருவிழாவில் வைத்தார்கள். சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். தேர் ஓடும் தெருவில் ஒருவர் திண்ணையை மூன்றடி முன்னால் இழுத்துவிட்டால், நோட்டீஸ் அனுப்ப ஆபீசர் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு நாள் தேரே வந்து அளந்துவிட்டுப் போகும். அதுவும் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது!

வெளி வீதிகளின் கதை வேறு. 19-ம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது கிடைத்த இடம் அது. அந்த வேலையில் இருந்த சர்வேயரும் மேஸ்திரியும்தான் இன்றைக்கு மாரட் வீதியாகவும் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் இருக்கிறார்கள். தெருவுக்குத் தலைவர் பெயர் வைப்பது வழக்கம். அளந்தவர் பெயரையும் கட்டியவர் பெயரையும் வைத்த ஊர் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

கே: தி.நகர் திட்டமிட்டுக் கட்டிய பகுதி என்கிறார்கள். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் அங்கே போன எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ப: திட்டமிட்டதேதான். 1920-ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்த கையோடு, நீண்ட ஏரியின் பரப்பை மனையாக்கி எழுப்பிய குடியிருப்பு. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள், பெரிய பெரிய மனைகள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. மழை நாளில் மட்டும் பெயருக்கு நியாயம் செய்கிறது.

அதாவது திட்டத்தில் இருந்தது வீடு. வந்தது கடல் போலக் கடை. நகரம் மாறுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். மாற்றத்தை அனுமதித்து, அதற்கேற்ற அகலத்தையும் படிக்கட்டையும் பார்க்கிங்கையும் கேட்டிருக்கலாம். நாம் செய்தது, பார்க்காததுபோல இருந்துவிட்டுப் பிறகு மன்னிப்பது.

தேதி வாரியாகச் சொல்கிறேன். 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது: 1999 பிப்ரவரி 28 வரை விதி மீறிக் கட்டியதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்யலாம். ஒரு தடவைச் சலுகை என்பதால் 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை விட்டுவைத்தது. அந்த ஒரு தடவை நீண்டுகொண்டே போக, நீட்டிப்புகளை 2006-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2012-ல் 113-சி பிறந்தது; இந்தத் தடவை 2007 ஜூலை 1 வரை கட்டியதற்கு. அங்கீகாரமில்லாத மனைகளுக்கு இன்னொரு தேதி: 2016 அக்டோபர் 20.

இதனால் யார் என்ன கற்றுக்கொண்டார்கள்? விதிப்படி மூன்று மாடியோடு நிறுத்தியவர், தான் ஏமாளி என்று கற்றுக்கொண்டார். அடுத்த கட்டடம் கட்டுகிறவர், அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டார். 2017 மே கடைசியில் தெற்கு உஸ்மான் சாலையில் ஒரு ஏழுமாடித் துணிக்கடை எரிந்து, பிறகு மிச்சத்தையும் இடித்தார்களே, அன்றைக்குத் தீயணைப்பு வீரர்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் சுற்றி வர ஒரு வழி. விதிப்புத்தகம் செட்பேக் என்று சொல்வது அதைத்தான்.

கே: மண்டலமே பிரிக்காத பெரிய நகரம் ஏதாவது உண்டா?

ப: அமெரிக்காவில் ஹூஸ்டன். 1948, 1962, 1993 என்று மூன்று தடவை மக்கள் ஓட்டுப் போட்டு மண்டல விதியை வேண்டாம் என்றிருக்கிறார்கள். உடனே மூட்டை கட்டாதீர்கள். பல குடியிருப்புகளில் கிரயப் பத்திரத்திலேயே ‘வீடு தவிர வேறு கட்டக்கூடாது’ என்று எழுதிவிடுகிறார்கள். மீறினால் மாநகராட்சியே கோர்ட்டுக்குப் போகும்.

கே: குடியிருப்புத் தெருவில் மளிகைக்கடை வைக்க விடுவது நகரமைப்புக்கு விரோதமா?

ப: ஜப்பானைப் பாருங்கள். அங்கே மிகக் கறாரான குடியிருப்பு மண்டலத்திலும், வீட்டோடு சேர்ந்த சின்னக் கடைக்கு இடமுண்டு. 50 சதுர மீட்டருக்குள், வீட்டின் பாதிக்கு மிகாமல் இருந்தால் சரி. ஒரு மண்டலத்தில் என்ன அனுமதி என்பதைவிட, எவ்வளவு தொந்தரவு வரை அனுமதி என்று யோசிக்கிறார்கள். நம் விதிகளிலும் வீட்டுப் பகுதியில் சிறு கடைக்கு வழி இருக்கிறது. 1961-ல் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் நியூயார்க் திட்டக்காரர்களிடம் சண்டை பிடித்து எழுதிய புத்தகத்தின் சாரமும் இதுதான்: கடைக்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தெரு பத்திரமான தெரு. மாம்பலத்துப் பாட்டிகள் புத்தகம் எழுதாததால் அந்தப் பெருமை அவருக்குப் போய்விட்டது.

கே: நகரத்தின் ‘அழகு’ திட்டக்காரர் வேலையா, ஓவியர் வேலையா?

ப: அழகை விடுங்கள், முதலில் வழி தெரிய வேண்டும். கெவின் லிஞ்ச் என்பவர் 1960-ல், மக்கள் மனசில் நகரத்தை எப்படி வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம் என்று ஐந்தாகப் பிரித்தார். நம் ஆட்டோக்காரர் ஒரே மூச்சில் ஐந்தையும் சொல்வார்: “கூவத்தை ஒட்டியே போ, பாலத்துக்கு முன்னாடி லெஃப்ட், சிக்னல் வரும், உள்ள போனா மார்க்கெட் ஏரியா, டிரான்ஸ்பார்மர் பக்கத்துல பிள்ளையார் கோயில்.” இதில் பிள்ளையாரை பேனர் மறைத்துவிட்டால் ஐந்தில் ஒன்று போச்சு.

பிரேசிலின் சாவ் பாவ்லோ, 2007 ஜனவரி முதல் தெரு விளம்பரத் தட்டிகளையே தடை செய்தது. பிரம்மாண்டமான தட்டிகளை இறக்கிய பிறகுதான் பின்னால் இருந்த பழைய கட்டடங்களும், வெடித்த சுவர்களும் ஊர்க்காரர்களுக்கே தெரிந்தன. இங்கே 2019-ல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது. இதில் நகைச்சுவை எழுத எனக்குக் கை வரவில்லை.

கே: நடைபாதை இருந்தும் ஜனங்கள் ஏன் ரோட்டில் நடக்கிறார்கள்?

ப: ஒரு நாள் நடந்து பாருங்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதை சரிந்து இறங்கி, மறுபடி ஏறும். நடுவில் மின்பெட்டி, அதை ஒட்டி பைக், அப்புறம் மூடி பெயர்ந்த கால்வாய். இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி, தடங்கலில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப்போகும் அகலம். 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தியபோது, ‘வண்டி எங்கே நிறுத்துவது’ என்று கேட்டவர்களே இப்போது அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிடுகிறார்கள்.

கே: வாஸ்துப்படி ஈசான்யத்தில் கிணறு, விதிப்படி அங்கே செட்பேக். எது ஜெயிக்கும்?

ப: இரண்டும் ஒத்துப்போகும் ஒரே இடம் அதுதான். மழைநீர்த் தொட்டியை அங்கேயே தோண்டிவிடுங்கள். ஜோசியரும் ஆபீசரும் ஒரே நாளில் திருப்தி.

கே: மனை வாங்கியபோது லே-அவுட் படத்தில் ‘பூங்கா’ என்று பச்சையாக இருந்தது. இப்போது அங்கே கல் நட்டு மனை விற்கிறார்கள். என்ன செய்வது? (திருமுடிவாக்கம் வாசகர்)

ப: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே முதலில் கேட்கவேண்டியது: அந்தத் தானப் பத்திரம் பதிவானதா? சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அங்கீகரித்த வரைபடத்தின் சான்றிட்ட நகலை ஒப்புதல் தந்த அலுவலகத்தில் வாங்குங்கள்; விற்றவர் தந்த கலர் நோட்டீஸ் கணக்கில் வராது. இரண்டையும் இணைத்து உள்ளாட்சிக்கு மனு. தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். போவதற்கு முன்னால் அந்தப் பத்துப் பேரில் யார் வீட்டு மாடிப்படி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து அவரைப் பின்வரிசையில் நிறுத்துங்கள்.