பூச்சாண்டி

தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிப் பக்கம் இப்போது பைக்குக்குக்கூடக் கோட்டிங் இல்லாமல் ஆகாது. செராமிக் என்பார்கள், நானோ என்பார்கள். போர்டில் எழுத்து பெரிதானால் ரேட்டும் ஏறும். மழைத்துளி உருண்டோடும், சேறு ஒட்டாது, கீறல் விழாது. வாட்டர் வாஷ் ஷெட்டுக்குள் ஒரு பையன் அந்த மருந்தை ஸ்பிரேயில் அடிப்பான். மூக்கில் கைக்குட்டை. சில நாள் அதுவும் இருக்காது. வண்டிக்கு வாரண்டி கார்டு உண்டு. பையனுக்குக் கிடையாது.

ஷெட்டுக்காரரை மட்டும் திட்டாதீர்கள். வழிகாட்டியது மேலிடம்.

2020 ஜூலை. கொரோனா ஊரை அடைத்துப் போட்டிருந்த நேரம். கபூர்தலா ரயில் பெட்டித் தொழிற்சாலை ‘கொரோனாவுக்குப் பிந்தைய பெட்டி’ தயாரித்திருப்பதாக ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. கைப்பிடிக்குச் செம்பு. சீட், பெர்த், வாஷ்பேசின், ஜன்னல் கண்ணாடி, தரை எல்லாவற்றுக்கும் நானோ டைட்டானியம் டை ஆக்சைடு. வைரஸ் சாகும், பாக்டீரியா சாகும், பூஞ்சை சாகும். மனிதருக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. 12 மாதம் தாங்கும்.

நல்லது. ஆனால் இது வெளிச்சத்தில் வேலை செய்கிற சரக்கு. முக்கியமாகப் புற ஊதாக் கதிர் பட வேண்டும். பட்டால்தான் கிருமியைச் சிதைக்கும் வினை தொடங்கும். பெங்களூரில் இரவு வண்டி ஏறி மாரண்டஹள்ளி வழியாக சேலம் போகிறவர் என்ன செய்வார்? லைட்டை அணைத்தால் பூச்சும் படுத்துவிடும். வைரஸ் மட்டும் நைட் டூட்டி பார்க்கும்.

அப்புறம் அந்த 12 மாதம். 2021 ஜூலையோடு கெடு முடிந்தது. மறுபடி யார் பூசினார்கள், எந்தப் பெட்டிக்கு? அன்ரிசர்வ்டு பெட்டிக் குழாயில் தண்ணீர் வந்தாலே போதும் சாமி. சோப்பை நாங்களே கொண்டுவருகிறோம். பத்து ரூபாய் சோப்புக்கும் அந்த வைரஸ் சாகும்.

‘தீங்கில்லை’ என்றார்களே, அதற்கும் வருவோம். டைட்டானியம் டை ஆக்சைடுத் தூளை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2006-லேயே மதிப்பிட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் உணவில் சேர்க்கவும் தடை போட்டது. காய்ந்து ஒட்டிய பூச்சு வேறு, காற்றில் பறக்கும் துளி வேறு. ஒப்புக்கொள்கிறோம். பெர்த்தில் படுப்பவருக்கு ஆபத்து குறைவுதான். பூசுகிறவனுக்கும் பின்னால் சுரண்டுகிறவனுக்கும்தான் சிக்கல். காண்ட்ராக்ட் ஆளாகத்தான் இருப்பான். கவலையை விடுங்கள்.

அதே 2006-ல் ஜெர்மனியில் ‘மேஜிக் நானோ’ என்று ஒரு ஸ்பிரே. கண்ணாடியிலும் பாத்ரூமிலும் அடித்தால் அழுக்கு ஒட்டாதாம். அடித்தவர்களில் சுமார் நூறு பேருக்கு மூச்சுத் திணறல். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. சில நாளிலேயே சரக்கைத் திரும்ப வாங்கினார்கள். சோதித்தபோது உள்ளே நானோ துகளே இல்லை. பெயரில் மட்டும் இருந்தது. நுரையீரல் பெயரைப் படித்துவிட்டா சுவாசிக்கிறது? நுண்துளியாகப் போனது எதுவோ, அது ஆழம்வரை போயிற்று.

அங்கே விஷ முறிவுத் தகவல் மையங்கள் இருந்தன. போன் வந்தது, எண்ணினார்கள். இங்கே நம் பையன் இருமினால் தூசு அலர்ஜி. மெடிக்கலில் இரண்டு மாத்திரை. எண்ணாத நோய் கணக்கில் வராது. கணக்கில் வராத நோய்க்கு அதிகாரி பொறுப்பில்லை. பாதுகாப்பு நிரூபணமாகிவிட்டது!

நானோ ஆராய்ச்சியை வளர்க்க மத்திய அரசு 2007-ல் நானோ மிஷனுக்கு 1000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நானோ மருந்துக்கு 2019-ல் வழிகாட்டு நெறி வந்தது. விவசாயத்துக்கும் உணவுக்கும் 2020-ல் வந்தது. ஷெட்டுக்குள் எதை அடிக்கிறான் என்று எட்டிப் பார்க்கத்தான் ஆளைக் காணோம்.

தர்மபுரி மாவட்டத்துக்கு மேல்பூச்சு புதிதல்ல. போர் தண்ணீரில் இருந்த ஃபுளூரைடு தலைமுறை தலைமுறையாக எங்கள் பல்லில் பழுப்புக் கோட்டிங் போட்டது. இலவசம். தேய்த்தாலும் போகாது. பலருக்கு எலும்புவரை இறங்கியது. ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்க 2013 ஆயிற்று. அதுவரை வந்த மந்திரிக்கெல்லாம் மனுவோடு பல்லைக் காட்டினோம். அவர்களும் பதிலுக்குக் காட்டினார்கள். அவர்கள் பல் பளிச்சென்று இருந்தது.