பத்து விரலும் கைவிட்டால்

பர்கூரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் ஒருவர். பீரோப் பிடியில் பதிந்த அரைக் கட்டைவிரலை வைத்தே ஆளைத் தூக்கியவர். இருபது வருடமாகச் சர்க்கரை. தினமும் விரல்நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அளவை டைரியில் குறித்துவைக்கிறார்.

பென்ஷனுக்கு வருடம் ஒருமுறை உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். 2014-ல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்தபின் வேலை சுலபம். கருவியில் விரலை வைத்தால் போதும். வைத்தார். ‘பொருந்தவில்லை.’ வேட்டியில் துடைத்து வைத்தார், எண்ணெய் தடவி வைத்தார். பத்து விரலும் கைவிட்டன.

கருவியின் நேர்மையை மெச்சுகிறேன். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் திறந்தது சும்மாவா? மூச்சு விடுவது, இருமுவது, வரிசையில் சண்டை போடுவதெல்லாம் வெறும் சந்தர்ப்ப சாட்சியம். கோர்ட்டில் நிற்காது. நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’தான் விவரம் தெரியாமல் இவரைத் தேடிவந்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஐயாவுக்கு வேறு வருத்தம். “இந்த விரலோட அப்பவே திருடப் போயிருந்தா, என்னை எவன்யா பிடிச்சிருப்பான்?”

முகத்தைக் காட்டியும் சான்று வாங்கலாமாம். நாளைக்குக் கூட்டிப்போகிறேன். கண்ணைச் சிமிட்டினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.